உள்ளே வச்ச பொருளுக்கும் ஒரு நம்பர் வேணும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. மலரில் போடக் கேட்டதால், பேசியதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்க குழுவில் ஒன்பது வருஷமாக உறுப்பினர், இப்போ ரெண்டாவது பிரதிநிதி. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. கறவை மாட்டுக் கடன் பற்றிப் பேசு என்றுதான் தலைவி அக்கா சொன்னாங்க. மாட்டிலிருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். ஆனா வேற இடத்துக்குப் போயிடுவேன், பொறுத்துக்கணும்.

குழுக் கடனில் நான் மாடு வாங்கினப்ப இன்சூரன்ஸ் போட்டாங்க. மாட்டு டாக்டர் வந்து அதோட காதுல ஒரு தோடு குத்தினார். அந்தத் தோட்டுல ஒரு நம்பர். அந்த நம்பர்தான் பேப்பரிலும் இருக்கு. நாளைக்கு மாட்டுக்கு ஒண்ணுன்னா அந்த நம்பரைக் காட்டினாத்தான் பணம். "தோடு விழுந்துட்டா உடனே சொல்லும்மா, நம்பர் இல்லாத மாட்டுக்கு எதுவும் செய்ய முடியாது" என்று டாக்டர் சொன்னார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. என் மாட்டுக்கு நம்பர் இருக்கு. எனக்குள்ள ரெண்டு வருஷம் ஒரு பொருள் இருந்துச்சே, அதுக்கு என்ன நம்பர்?

2014-ல் எனக்கு ரெண்டாவது பையன் பிறந்தான். பிரசவ வலியில் இருக்கும்போது ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்கினாங்க. எதுக்குன்னு கேட்கிற நிலைமையில் நான் இல்லை. மூணாம் நாள் வீட்டுக்கு வந்தாச்சு. அப்புறம் மாசா மாசம் ரொம்ப அதிகமா போகும். இடுப்பு விட்டுப் போற மாதிரி வலி. நாத்து நட வயல்ல இறங்கினா நிமிர முடியாது. அத்தைகிட்ட சொன்னா, "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இடுப்பு வலிக்காம என்ன செய்யும்?" என்பாங்க. அவங்களையும் குறை சொல்ல முடியாது, அவங்க மாமியார் அவங்களுக்குச் சொன்னது அதுதான். ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தப்ப அந்த டாக்டரம்மா கேட்டாங்க, "காப்பர் டி இருக்கே, எப்ப வச்சீங்க?" எனக்கு வாயில வார்த்தை வரலை. "எந்த வகை? அஞ்சு வருஷத்துதா, பத்து வருஷத்துதா? அட்டை இருக்கா?" என்றாங்க. அட்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை. எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாங்க. அவ்வளவுதான்.

நான் அந்த ஆஸ்பத்திரி பேரைச் சொல்லப் போறதில்லை. சண்டை போடவும் நான் இங்கே வரலை. இன்னொண்ணும் முதல்லயே சொல்லிடறேன். காப்பர் டி கெட்டதுன்னு நான் சொல்லலை. எங்க நாத்தனார் ஏழு வருஷமா வச்சிருக்காங்க, ஒரு தொந்தரவும் இல்லை. அவங்க கேட்டு, தெரிஞ்சு வச்சுக்கிட்டாங்க. எனக்குத் தெரியாம வச்சாங்க. அந்த வித்தியாசத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

என் மகள் இப்போ நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். லீவில் வந்தப்ப, "அம்மா, உடம்புக்குள்ள வைக்கிற பொருளை யாரு சரிபார்த்து விற்கச் சொல்றாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாதுன்னேன். அவள் சொன்ன கதையைத்தான் உங்களுக்குச் சொல்றேன். கதைன்னா கற்பனை இல்லை, நடந்தது.

அமெரிக்காவில் நடந்தது. 1970-ல் ஒரு டாக்டர் ஒரு கர்ப்பத்தடைப் பொருளைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அதுக்கு டால்கன் ஷீல்ட் என்று பேர். ஒரு ரூபாய்க் காசு அளவு பிளாஸ்டிக். ரெண்டு பக்கமும் பூச்சிக்குக் கால் இருக்கிற மாதிரி முள் முள்ளா இருக்கும். 640 பெண்களுக்கு வச்சுப் பார்த்தேன், நூத்துல ஒருத்தருக்குத்தான் கர்ப்பம் நின்னுச்சு என்று எழுதினார். அந்தப் பொருள் விற்றால் லாபத்தில் தனக்கும் பங்கு உண்டு என்பதை எழுதலை. ஒவ்வொரு பெண்ணையும் சராசரியா ஆறு மாசம்கூடப் பார்க்கலை என்பதும் பின்னாலதான் தெரிஞ்சது. அதே வருஷம் ஏ.எச். ராபின்ஸ் என்ற கம்பெனி அதை விலைக்கு வாங்கிச்சு. இருமல் மருந்தும் உதட்டுக்குப் பூசுற குச்சியும் செஞ்ச கம்பெனி. கர்ப்பத்தடைப் பொருள் அதுவரைக்கும் செஞ்சதே இல்லை. 1971 ஜனவரியில் நாடு முழுக்க விற்பனைக்கு வந்துடுச்சு.

அரசாங்கம் எப்படி விட்டுச்சுன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். அந்தக் காலத்தில் அங்கே மாத்திரை மருந்துன்னா, விற்கிறதுக்கு முன்னாடி அரசாங்கத்துகிட்ட நிரூபிச்சு அனுமதி வாங்கணும். சாதனம்னா வாங்க வேண்டியதில்லை. மாத்திரை கொஞ்ச நாளில் உடம்பை விட்டுப் போயிடும். வருஷக்கணக்கா உள்ளயே இருக்கப் போற பொருளுக்கு ஒரு கேள்வியும் இல்லை! இதுல இன்னொரு சூட்சுமம். டால்கன் ஷீல்டில் கொஞ்சம் செம்பும் கலந்திருந்துச்சு. செம்பு வேலை செய்யுதுன்னு சொன்னா அது மருந்துக் கணக்கில் வந்துடும், சோதனை கேட்பாங்க. அதனால செம்பு கர்ப்பத்தைத் தடுக்கிறதுக்காகச் சேர்த்தது இல்லைன்னு கம்பெனி சொல்லிடுச்சு. சாதனக் கணக்கிலேயே விற்றாங்க.

கோளாறு எங்கே இருந்ததுன்னா, அதோட நூலில் இருந்தது. காப்பர் டிக்கு அடியில் ஒரு நூல் தொங்கும், பொருள் இடத்தில் இருக்கான்னு பார்க்கவும் எடுக்கவும். நம்ம காப்பர் டி நூல் தூண்டில் நரம்பு மாதிரி ஒத்தை இழை. டால்கன் ஷீல்ட் நூல் அப்படி இல்லை. நூத்துக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்து மேல ஒரு உறை போட்டிருந்தாங்க. நுனி திறந்தே இருந்துச்சு. விளக்குத் திரி எண்ணெயை மேல இழுக்குமே, அதேதான். கீழே இருக்கிற கிருமியைக் கர்ப்பப்பைக்குள்ள இழுத்துக் கொண்டு போச்சு. அந்தத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்த ஒருத்தர் 1971-லயே நூலைத் தண்ணியில் தொங்கவிட்டுப் பார்த்தார். தண்ணி மேலே ஏறுச்சு. நுனியைச் சூடு காட்டி அடைச்சிடலாம் என்று மேலே சொன்னார். அது உன் வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க அக்கா. ஒரு டம்ளர் தண்ணியில் தெரிஞ்ச விஷயம். விற்கிறதுக்கு முன்னாடி கட்டாயம் சோதிக்கணும்னு ஒரு சட்டம் இருந்திருந்தா ஒரு மத்தியானத்தில் தெரிஞ்சிருக்கும். இல்லாததால, அமெரிக்காவில் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேலான பெண்கள் உடம்பில் தெரிஞ்சது. சீழ் பிடிச்சுப் பிள்ளைப்பேறே இல்லாமல் போனவங்க உண்டு. அது உள்ளே இருக்கும்போதே கர்ப்பம் நின்னு, கிருமி ஏறி, கரு கலைஞ்சு, உயிரை விட்டவங்களும் உண்டு. 1974 ஜூனில் அங்கே விற்பனையை நிறுத்தினாங்க. அதுக்கு முன்னாடியே கிருமி நீக்காத மொத்தப் பொட்டலமா, தள்ளுபடி விலையில், அமெரிக்க அரசின் உதவி அமைப்பு வழியா ஏழை நாடுகளுக்கும் அனுப்பியிருந்தாங்க. ஏழைப் பொம்பளைக்கு இது போதும் என்கிற எண்ணம் எல்லா ஊரிலும் ஒண்ணுதான் போல.

விற்பனை நின்ன பிறகும் லட்சக்கணக்கானவங்க உள்ளே அது இருந்துச்சே. டாக்டர்களுக்குக் கடிதம் போச்சு, ஆனா பெண்களையே கூப்பிட்டு, செலவை நாங்க தர்றோம், எடுத்துடுங்க என்று கம்பெனி டிவியிலும் பேப்பரிலும் விளம்பரம் செஞ்சது 1984-ல். பத்து வருஷம் கழிச்சு! விளம்பரம் போட்டுத் தேட வேண்டிய நிலைமை. நான் மாட்டுத் தோட்டை நினைச்சுக்கிட்டது இந்த இடத்தில்தான். மூணு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இழப்பீடு கேட்டு மனு போட்டாங்க. கம்பெனி 1985-ல் திவால் மனு கொடுத்துச்சு. எந்தப் பொருளை வச்சாங்கன்னு காட்ட ஆஸ்பத்திரிப் பேப்பர் வச்சிருந்த பெண்ணுக்கு அதைக் கேட்டு வாங்கறது சுலபம். இல்லாதவங்களுக்குக் கஷ்டம்.

இவ்வளவுக்கும் அப்புறம் ஒரு நல்லது நடந்துச்சு. பெண்கள் சொன்னாங்க, சாட்சி சொன்னாங்க, விசாரணை நடந்துச்சு. 1976 மே 28-ஆம் தேதி அமெரிக்காவில் மருத்துவச் சாதனங்களுக்குத் தனிச் சட்டத் திருத்தம் வந்துச்சு. இனிமேல் சாதனத்தையும் ஆபத்தைப் பொறுத்து மூணு வகையாப் பிரிக்கணும், ஆபத்து அதிகமானதுக்கு முன்கூட்டியே நிரூபிச்சு அனுமதி வாங்கணும் என்று.

அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். மகள், "இன்னும் இருக்கும்மா" என்றாள்.

அந்தச் சட்டத்தில் ஒரு குறுக்கு வழியும் இருந்துச்சு. புதுப் பொருள், ஏற்கனவே விற்கிற ஒரு பொருள் மாதிரியே இருந்தா, அதைக் காட்டி அனுமதி வாங்கலாம். பெண்கள் உடம்பில் வச்சுப் பார்க்கிற சோதனை பெரும்பாலும் கேட்க மாட்டாங்க. இது நமக்குப் புரியுற மாதிரி சொல்றேன். நம்ம குழுவில் ஒருத்தர் புதுசா கடன் கேட்கிறாங்க. நாம என்ன செய்வோம்? வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம், வேற கடன் இருக்கான்னு விசாரிப்போம். அப்படிச் செய்யாம, "இவங்க ஏற்கனவே கடன் வாங்கினவங்களோட தங்கச்சி, ஆள் அதே சாயல், கொடுத்துடலாம்" என்று தீர்மானம் போட்டா எப்படி இருக்கும்? அந்த அக்காவே கடனைக் கட்டாம ஊரை விட்டுப் போயிட்டாங்கன்னா? அப்பவும் தங்கச்சிக்குக் கொடுத்தது செல்லும்னா?

அப்படித்தான் நடந்துச்சு. கர்ப்பப்பை இறங்குறது, தும்மினா இருமினா ஒண்ணுக்குப் போயிடறது இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச பாடு. வெளியில் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். அதுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் வலை வச்சுத் தாங்கிப் பிடிக்கிற சிகிச்சை வந்துச்சு. 1996-ல் அமெரிக்காவில் சிறுநீர்ப் பிரச்சனைக்கு ஒரு வலைப் பட்டைக்கு இந்தக் குறுக்கு வழியில் அனுமதி கிடைச்சுது. தொந்தரவு வந்து 1999-ல் அந்தக் கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக்கிச்சு. ஆனா அதுக்குள்ள, அது மாதிரியே இருக்குன்னு காட்டி அடுத்தது அனுமதி வாங்கியாச்சு. அடுத்ததைக் காட்டி அதுக்கு அடுத்தது. அக்கா ஓடிப் போயாச்சு, தங்கச்சிங்க வரிசையாக் கடன் வாங்கிக்கிட்டே இருந்தாங்க. 2002-ல் கர்ப்பப்பை இறக்கத்துக்கான வலையும் குறுக்கு வழியிலேயே வந்துச்சு. பலருக்கு வலை சதையை அறுத்து வெளியே வந்துச்சு. உட்கார முடியாத வலி. வலையை எடுக்கிறதும் லேசு இல்லை, சதை அதுக்குள்ள வளர்ந்திருக்கும். 2016-ல்தான் அமெரிக்க அரசு கர்ப்பப்பை இறக்கத்துக்கு அடிவழியா வைக்கிற வலையை உயர் ஆபத்து வகைக்கு மாத்தி, நிரூபிச்சுக் காட்டுன்னு சொல்லிச்சு. கம்பெனிகள் காட்டினது போதலை. 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொல்லிட்டாங்க.

இங்கிலாந்தில் இந்த வலை விஷயத்தையும் சேர்த்து விசாரிக்க அரசாங்கம் ஒரு குழு போட்டுச்சு. நூத்துக்கணக்கான பெண்களை நேரில் பார்த்துக் கேட்டாங்க. 2020-ல் அறிக்கை கொடுத்தாங்க. வலிக்குதுன்னு பெண்கள் சொன்னதை, இது பொம்பளைங்களுக்கு வர்றதுதான் என்று தள்ளிவிட்டிருக்காங்க என்று அதுல எழுதியிருக்கு. இதைக் கேட்டதும் எனக்கு எங்க அத்தை சொன்னதுதான் காதில் விழுந்துச்சு. சீமையிலும் அதே வார்த்தைதானா?

சரி, நம்ம நாட்டில் என்ன? நமக்கு 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டம் இருக்கு. ரொம்ப நாள் அதில் சில சாதனங்கள் மட்டும்தான் கட்டுப்பாட்டில் இருந்துச்சு. ஆணுறை, காப்பர் டி அதில் உண்டு. 2017-ல் மருத்துவச் சாதனங்களுக்குன்னு தனி விதிகள் போட்டாங்க, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறை. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனமும் சட்டக் கணக்கில் மருந்து மாதிரிதான். ஏ, பி, சி, டி என்று நாலு வகை. ஏ என்றால் ஆபத்து குறைவு, டி என்றால் ரொம்ப அதிகம். இங்கே தயாரிக்கிற ஏ, பி வகைக்கு மாநில அதிகாரி உரிமம் கொடுப்பார். சி, டி வகைக்கும், வெளிநாட்டிலிருந்து வர்ற எல்லாத்துக்கும் டெல்லியில் இருக்கிற மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கொடுக்கும். ஏ வகையில் சிலது தவிர, ஏ, பிக்கு 2022 அக்டோபரில் இருந்து, சி, டிக்கு 2023 அக்டோபரில் இருந்து உரிமம் கட்டாயம். 'முன்னாடி வந்த பொருள் மாதிரி' என்கிற அந்த வழி நம்ம விதியிலும் இருக்கு. அதனால அனுமதி வாங்கின பொருள்னாலும் நாம கண்ணைத் திறந்து வச்சுக்கணும்.

அந்த விதியில் நமக்குப் பிரயோஜனமானது என்னன்னா, பொட்டலத்து மேல என்ன எழுதணும்னு இருக்கு. பொருளோட பேர், தயாரிச்ச கம்பெனி பேர் விலாசம், தொகுதி நம்பர், தயாரிச்ச தேதி, காலாவதித் தேதி, உரிம நம்பர், கிருமி நீக்கினதுன்னா அந்த விவரம். பார்த்தீங்களா? நம்பர் இருந்திருக்கு! எனக்கு வச்சதுக்கும் நம்பர் இருந்துச்சு. பொட்டலத்தோட குப்பையில் போச்சு. என் கைக்கு வரலை, அவ்வளவுதான்.

அதனால நான் உங்ககிட்ட கேட்டுக்கிறது நாலு விஷயம். விரல் விட்டு எண்ணிக்கோங்க.

ஒண்ணு. உள்ளே என்ன வைக்கப் போறீங்க, அது பேர் என்னன்னு கேளுங்க. வேணும், வேண்டாம் சொல்றது நம்ம உரிமை. பிரசவ வலியில் கேட்க முடியாது. அதனால ஏழாம் மாசம், எட்டாம் மாசம் செக்கப்புக்குப் போகும்போதே கேட்டு முடிவு பண்ணிக்கோங்க. வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அவரும் தெரிஞ்சுக்கட்டும்.

ரெண்டு. எத்தனை வருஷம் இருக்கலாம், எப்படி எடுப்பாங்கன்னு கேளுங்க. அரசு ஆஸ்பத்திரியில் வைக்கிற காப்பர் டியில் 380ஏ பத்து வருஷத்துக்கு, 375 அஞ்சு வருஷத்துக்கு. எதை வச்சாங்கன்னு தெரியாம எந்த வருஷம் எடுக்கப் போவீங்க?

மூணு. வச்ச தேதி, வகை, திரும்ப வர வேண்டிய தேதி எழுதின அட்டை கேட்டு வாங்குங்க. பொட்டலத்து மேல் லேபிளையும் கேளுங்க. கொடுக்கலைன்னா போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ரேஷன் கார்டு, ஆதார் வைக்கிற கவரிலேயே அதையும் போட்டு வைங்க.

நாலு. தொந்தரவுன்னா சொல்லுங்க. காய்ச்சல், அடிவயித்து வலி, நாத்தத்தோட வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப் போறது, நூல் தட்டுப்படாமல் போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீங்களே இழுத்து எடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டுப் பாட்டியையும் எடுக்க விடக் கூடாது. டாக்டர்கிட்ட சொல்றதோட, அரசாங்கத்திலும் பதியலாம். சாதனங்களால் வர்ற கெடுதலைக் கண்காணிக்க 2015 ஜூலையில் ஒரு தேசியத் திட்டம் ஆரம்பிச்சிருக்காங்க. காசியாபாத்தில் இருக்கிற இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துது. டாக்டர், நர்ஸ் மட்டும் இல்லை, நாமளும் சொல்லலாம். கட்டணம் இல்லாத போன் நம்பர் 1800 180 3024. சொல்லும்போது கேட்பாங்க, எந்தக் கம்பெனி, தொகுதி நம்பர் என்னன்னு. அதுக்குத்தான் அந்த லேபிள்.

"நான் ஒருத்தி சொல்லி என்ன ஆகப் போகுது?" என்பீங்க. ஒரு டாக்டர்கிட்ட ஒரு பெண் சொன்னா அது அவள் உடம்பு வாகு. அதே தொகுதி நம்பரில் பத்து ஊரில் பத்துப் பேர் சொன்னா அது பொருளோட கோளாறு. பத்து ரூபாய் சேமிப்பு தனியா இருந்தா பத்து ரூபாய்தான், குழுவில் சேர்த்துப் போட்டதால்தான் பேங்க் நம்மளைக் கூப்பிட்டுக் கடன் கொடுத்துச்சு. அது நமக்கு நல்லாத் தெரியும்.

எங்க குழுவில் போன மாசம் ஒரு தீர்மானம் போட்டோம். தீர்மான நோட்டுக்குப் பின்னால ஒரு தனி நோட்டு. உறுப்பினர் விருப்பப்பட்டா, அவங்களுக்கு வச்ச பொருள், தேதி, எடுக்க வேண்டிய வருஷம் எழுதி வைப்போம். ரகசியம், பிரதிநிதி ரெண்டு பேரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. கடன் தவணை ஞாபகப்படுத்துற மாதிரி இதையும் ஞாபகப்படுத்துவோம். இருபது வயசுல கல்யாணம் ஆகி, எழுபது கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போற பெண்ணுக்கு இந்தத் தேதி எங்கே ஞாபகம் இருக்கப் போகுது? எழுத ஆரம்பிச்ச அன்னைக்கே பதினாறு பேரில் மூணு பேர், தங்களுக்கு என்ன வச்சாங்கன்னே தெரியாதுன்னு சொன்னாங்க. நான் மட்டும்தான்னு இத்தனை வருஷம் நினைச்சிட்டிருந்தேன். மூணு பேரையும் அடுத்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். ஒருத்தருக்குக் காலம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. எடுத்துட்டாங்க, நல்லா இருக்காங்க, இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. பேரைச் சொல்ல மாட்டேன்.

மத்த குழுக்களும் இதே மாதிரி ஒரு நோட்டு போடணும்னு இந்தப் பொதுக்குழுவில் கேட்டுக்கிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் நான் தண்ணி கேன் வச்சிருக்கிற மேசைகிட்ட இருப்பேன். நோட்டில் எப்படிக் கட்டம் போடறதுன்னு பிரதிநிதிகள் வந்து பார்த்துட்டுப் போங்க. என் மகள் எழுதிக் கொடுத்த மாதிரித் தாளும் இருபது காப்பி எடுத்து வந்திருக்கேன், குழுவுக்கு ஒண்ணு.